இரவில் எத்தனை நர்ஸ் என்று கேளுங்கள்

ஒருவரை மருத்துவமனையில் சேர்க்கும்போது நாம் கேட்கும் கேள்விகள் எல்லாம் வழக்கமானவை. பெரிய டாக்டர் எப்போது வருவார், அறை வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு கட்ட வேண்டும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா, ஸ்கேன் உள்ளேயே இருக்கிறதா. இரவு பத்து மணிக்கு மேல் இந்த வார்டில் எத்தனை நர்ஸ் இருப்பார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஒன்றரை லட்சமாவது மிஞ்சியிருக்கும். அம்மாவின் முதுகும் தப்பியிருக்கும். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் படுக்கையருகே நிற்பது ஐந்து நிமிடம். மீதி நேரம் முழுவதும் நோயாளி நர்ஸின் பொறுப்பில்தான் இருக்கிறார். அந்த ஒரு நர்ஸ் எத்தனை பேருக்குப் பொறுப்பு என்பதைப் பொறுத்தே பல விஷயங்கள் முடிவாகின்றன. இதை எனக்கு முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வயது 71. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பல வருடமாக உண்டு. ஒரு நாள் காலை படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. வலது கை, கால் துவண்டிருந்தன, வாய் கோணியிருந்தது, பேச்சு வரவில்லை. பக்கவாதம் வந்து நாலரை மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போனால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட வாய்ப்புண்டு. அம்மாவுக்குத் தூக்கத்திலேயே வந்துவிட்டதால் எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியவில்லை; அந்த ஊசி இல்லை என்றாகிவிட்டது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தேன். நான் ஒரே பிள்ளை. அப்பா இல்லை. மனைவி இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று மாற்றிக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது.

முதலில் ஐ.சி.யு. அங்கே கவனிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு படுக்கைக்கு ஒரு சிஸ்டர், கூடவே ஒரு டியூட்டி டாக்டர். உயிர் ஆபத்து நீங்கியதும் மூன்றாம் மாடி வார்டுக்கு மாற்றினார்கள். விழுங்கும் சக்தி திரும்பாததால் மூக்கு வழியாக உணவுக் குழாய், சிறுநீருக்குக் குழாய், கையில் ஊசிக் குழாய் என்று மூன்று குழாய்களோடு அம்மா வந்து படுத்தார். அன்றிரவுதான் அந்த மாடியின் நிலவரம் கண்ணில் பட்டது. தனி அறைகளும் பொது வார்டும் சேர்த்து முப்பதுக்கு மேற்பட்ட படுக்கைகள். இரவில் இரண்டே பெண்கள். ஒருத்தி டிப்ளமா முடித்துப் பதிவு செய்த நர்ஸ். இன்னொருத்தி ஏதோ ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புப் படித்துக்கொண்டே பயிற்சி என்ற பெயரில் வேலை பார்ப்பவள், இருபது வயதுகூட ஆகியிருக்காது. இருவரும் ஒரே நிற உடை. யார் நர்ஸ், யார் நர்ஸ் இல்லை என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. முறையான நர்ஸ் என்றால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு எண் இருக்கும். சேர்க்கும் நேரத்திலேயே, இரவு ஷிப்டில் பதிவு பெற்றவர் எத்தனை பேர் என்று கேட்பதில் தவறே இல்லை. பதில் மழுப்பலாக வந்தால், முடிந்தால் இரவு பத்து மணிக்கு ஒரு முறை அந்த மாடியில் நடந்து பாருங்கள். வரவேற்பறை விளக்கும் மீன் தொட்டியும் சொல்லாததை அந்த நடை சொல்லிவிடும்.

ஒரு இரவு டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்து, கேனுலாவிலிருந்து, அதாவது கையில் குத்திய ஊசிக் குழாயிலிருந்து, ரத்தம் டிரிப்ஸ் குழாயில் ஏற ஆரம்பித்தது. படுக்கைத் தலைமாட்டு மணியை அழுத்தினேன். நர்சிங் கவுண்டரில் விளக்கு எரிகிறது, ஆள் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் கடைசி அறையில் ஒரு பெரியவருக்குச் சளி அடைத்து மூச்சு திணறுகிறது; பெரிய சிஸ்டர் சளியை உறிஞ்சும் சக்ஷன் குழாய் வைத்துக்கொண்டிருக்கிறார், சின்னப் பெண் அவர் தலையைப் பிடித்திருக்கிறாள். அவர்கள் வந்து சேரும்போது கேனுலாவில் ரத்தம் உறைந்துவிட்டது. புது ஊசி குத்த வேண்டும். அம்மாவுக்கு நரம்பு கிடைக்கவில்லை. இடது கையில் மூன்று இடம், பிறகு பாதத்தில் ஒரு இடம். அம்மா பேச முடியாமல் முகத்தைச் சுளித்தார். கோபம் தலைக்கேறியது. அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்ததும் கத்த முடியவில்லை. கையுறையைக் கழற்றக்கூட நேரமில்லாமல், இரவு ஏழரைக்கு வாங்கி வைத்த இட்லிப் பொட்டலத்தைக் கவுண்டர் மேல் பிரிக்காமலே வைத்திருந்தாள். மணி அப்போது இரண்டைத் தாண்டியிருந்தது. டிரிப்ஸ் விஷயத்தில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: பாட்டில் தீர்ந்தபின் ஓடாதீர்கள். நாலு விரல் அளவு இருக்கும்போதே போய்ச் சொல்லிவிடுங்கள். வேகத்தைக் கூட்டும் குறைக்கும் சக்கரத்தைத் தொடாதீர்கள். சீக்கிரம் முடியட்டும் என்று திருகிவிட்டு இதய நோயாளியை மூச்சுத் திணற வைத்த உறவினர் கதையை அந்த மாடியிலேயே கேட்டேன்.

ஆள் குறைந்தால் எந்த வேலை முதலில் விடுபடும் என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம். ஊசி விடுபடாது, மாத்திரை பெரும்பாலும் விடுபடாது, ரத்த அழுத்தம் பார்ப்பது எப்படியோ நடந்துவிடும். ஏனென்றால் கேஸ் ஷீட் எனப்படும் நோயாளியின் பதிவுத் தாளில் இவற்றுக்குக் கட்டம் இருக்கிறது. நிரப்பாவிட்டால் காலை ரவுண்ட்ஸில் கேள்வி வரும். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, வாயைத் துடைத்துச் சுத்தம் செய்வது, ஈரத் துணியை உடனே மாற்றுவது, தலையை உயர்த்திவைத்துப் பொறுமையாகக் கஞ்சி ஊற்றுவது, இப்படிச் செய்யுங்கள் என்று வீட்டாருக்குக் கற்றுத் தருவது ஆகியவற்றுக்கு அங்கே கட்டம் இல்லை. கட்டம் இருக்கும் இடத்திலும் கடைசியில் மொத்தமாக டிக் போடப்படுகிறது. படுத்த படுக்கையாக இருப்பவரைக் காப்பாற்றுவது பாதிக்கு மேல் இந்த இரண்டாம் வகை வேலைகள்தான்.

அம்மா வார்டுக்கு வந்து ஒரு வாரம் ஆவதற்குள் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்துக் கன்றியிருந்தது. துணி மாற்றும்போது பார்த்து, சின்ன சிஸ்டரிடம் காட்டினேன். வியர்வை, பவுடர் போடுங்கள் என்றாள். போட்டேன். இரண்டொரு நாளில் கொப்புளம் கிளம்பி, தோல் வழன்றது. ஞாயிறு ஷிப்டுக்கு வந்த ஒரு மூத்த சிஸ்டர்தான் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். அரசு வேலையில் ஓய்வு பெற்று, பகுதி நேரமாக வருபவர். "தம்பி, இது படுக்கைப் புண். இவ்வளவு நாள் அம்மாவை யார் புரட்டினார்கள்?" என்று கேட்டார். யாரும் புரட்டவில்லை. புரட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. தினசரி பில்லில் மட்டும் நர்சிங் கட்டணம் என்று 900 ரூபாய் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த மூத்த சிஸ்டர் கால்மணி நேரம் ஒதுக்கி எனக்குச் சொல்லித் தந்ததை அப்படியே தருகிறேன். என் அனுபவத்தில் இதைவிடப் பயனுள்ள கால்மணி நேரம் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம் என்று மாற்ற வேண்டும், இரவிலும் அப்படித்தான். பக்கவாட்டில் திருப்பும்போது முழுதாகச் செங்குத்தாக நிறுத்தாமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சற்றே சாய்வாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பு எலும்பில் புதிதாகப் புண் வரும். கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். மேலே இழுக்கும்போது அக்குளைப் பிடித்து இழுத்தால் தோல் உரசிக் கிழியும். குறுக்கே ஒரு துணி விரித்து, இருபுறமும் இருவர் பிடித்துத் தூக்க வேண்டும். தோல் நிறம் மாறிய இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் வெளுத்து, விட்டதும் பழையபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்கவே இல்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. நம் நிறத்துத் தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்திருக்கிறதா, சூடாக அல்லது கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது. காற்று மாறி மாறி நிரம்பும் ஏர் பெட் ஒன்று மருந்துக்கடையில் 4,000 ரூபாய்க்குக் கிடைத்தது. ஏர் பெட் வந்துவிட்டால் புரட்ட வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். இந்த 4,000 ரூபாயை முதல் நாளே செலவழியுங்கள். பின்னால் அந்தப் புண்ணுக்கு வீட்டில் வைத்து டிரெஸ்ஸிங் கட்டியே 60,000 ரூபாய்க்கு மேல் போனது எனக்கு.

புண் ஒருபுறம் இருக்க, அடுத்த அடி உணவுக் குழாய் வழியாக வந்தது. விடியற்காலை ஐந்து மணி உணவை ஒரு உதவியாளர் எல்லாருக்கும் வரிசையாக ஊற்றிக்கொண்டு போவார். அவருக்கும் பதினைந்து பேர். நான் மாடி வராந்தாவில் கண்ணயர்ந்த நேரம், அம்மா மட்ட மல்லாக்கக் கிடக்க, சிரிஞ்சின் பிஸ்டனால் பாலைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். நான் வந்தபோது கடைவாயில் பால் வழிந்து தொண்டையில் கரகரவென்று சத்தம். அன்று மாலையே காய்ச்சல். மூச்சு வேகம் கூடியது. டியூட்டி டாக்டரிடம், அம்மாவுக்கு என்னவோ சரியில்லை என்றேன், பார்க்கிறேன் என்றார். அந்த மூத்த சிஸ்டர் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்து, கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் முழுதாக மார்பு ஏறி இறங்குவதை எண்ணினேன். 34. போய் எண்ணைச் சொன்னேன். உடனே எழுந்து வந்தார். பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு இருக்கும். 25-ஐத் தாண்டினால் காத்திருக்காமல் சொல்லுங்கள், அதுவும் எண்ணாகச் சொல்லுங்கள். நாற்பது பேரைப் பார்க்கிறவரின் காதில் "சரியில்லை" என்பது நாற்பதில் ஒன்றாகக் கரைந்துவிடும். உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா என்றார்கள். மறுபடியும் ஐ.சி.யு. அந்த இரண்டாவது சுற்றுக்கு மட்டும் 1,10,000 ரூபாய். மொத்த பில் 3,70,000. மனைவியின் நகைகளை வங்கியில் வைத்தேன். பச்சிளம் குழந்தையோடு இருப்பவளிடம் போனில் அதைக் கேட்க வேண்டியிருந்ததை இன்றும் நினைக்கப் பிடிப்பதில்லை.

குழாயில் உணவு கொடுக்கும்போது தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தியே வைக்க வேண்டும், கொடுத்து முடித்த பிறகும் அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். தள்ளக் கூடாது, சிரிஞ்சைப் புனலைப் போலப் பிடித்துத் தானாக இறங்க விட வேண்டும். மூக்கருகே குழாயில் இருக்கும் அளவுக் குறியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அது வெளியே நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்காமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நீங்களே உள்ளே தள்ளாதீர்கள். வாயால் சாப்பிடாதவருக்கு வாய் சுத்தம் எதற்கு என்று தோன்றும். அந்த வாயில் சேரும் அழுக்குதான் எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்குகிறது. ஈரத் துணியால் காலையும் மாலையும் துடைத்துவிடுங்கள். சிறுநீர்ப் பையை எப்போதும் படுக்கை மட்டத்துக்குக் கீழே தொங்கவிடுங்கள், தரையிலும் படக்கூடாது. ஸ்டிரெச்சரில் கொண்டுபோகும்போது வயிற்றின் மேல் தூக்கிவைப்பார்கள். எடுத்துக் கீழே மாட்டச் சொல்லுங்கள்.

கையில் பணம் தீர்ந்து, எங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனைக்கு மாற்றினேன். தர்மாஸ்பத்திரியில் ஆளே இருக்காது என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். ஆள் குறைவுதான், மறுக்கவில்லை. இரவில் ஏறத்தாழ நாற்பது பேருக்கு ஒரு சிஸ்டர்; படுக்கை நிரம்பியபின் தரையில் பாய் விரித்துக் கிடப்பவர்கள் தனி. ஆனால் அந்த ஒருவர் வேலை தெரிந்தவர். புண்ணைப் பார்த்த நிமிடமே என்ன நிலை, எந்த டிரெஸ்ஸிங், எந்தப் பக்கம் படுக்க வைப்பது என்று அடுக்கிவிட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வந்து புரட்ட அவரால் முடியாது. அதை மறைக்காமல் சொன்னார். "என்னால் முடியாது சார், நீங்கள்தான் செய்ய வேண்டும், எப்படி என்று காட்டுகிறேன்" என்றார். தனியார் மருத்துவமனையில் அந்த ஒரு வாக்கியத்தை யாராவது சொல்லியிருந்தால் போதும்.

இங்கே எனக்கு வந்த சிக்கல் வேறு. பெண்கள் வார்டில் இரவில் ஆண்கள் தங்கக் கூடாது. நியாயமான விதிதான். ஆனால் அட்டெண்டர் இல்லாமல் அந்த வார்டு ஓடவே ஓடாது என்பது எல்லாருக்கும் தெரியும்; நோயாளியைத் துடைப்பதும் திருப்புவதும் மாத்திரை வாங்கி வருவதும் கூட இருப்பவர்தான். ஒரே மகன் மட்டும் உள்ள தாய்க்கு இரவில் யார்? பக்கத்துப் படுக்கைக்காரர் மூலம் ஓர் அக்கா கிடைத்தார். இரவுக்கு 600 ரூபாயும் சாப்பாடும். அவர் வராத இரவுகளில் அந்த வரிசையில் இருந்த பெண்களே அம்மாவைப் புரட்டினார்கள். பதிலுக்கு நான் பகலில் அவர்களுக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன், ஸ்கேன் வரிசையில் நின்றேன். இதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை; தானாக அமைந்தது. போன முதல் நாளே இருபுறத்துப் படுக்கைக்காரர்களிடமும் பேசிவிடுங்கள். கூச்சம் பார்த்தால் இரண்டாம் இரவே இடுப்பு ஒடிந்துவிடும், உங்களுக்கு.

ஒரு கையடக்க நோட்டு வாங்கினேன். புரட்டிய நேரம், ஊற்றிய உணவின் அளவு, சிறுநீர் அளவு, காய்ச்சல், எந்த ஊசி எப்போது போடப்பட்டது என்று எழுதினேன். சண்டைக்கு ஆதாரம் திரட்ட அல்ல. ஷிப்ட் மாறும்போது ஒரு சிஸ்டர் அடுத்தவரிடம் நாற்பது பேரின் கதையை இருபது நிமிடத்தில் ஒப்படைக்கிறார். அதில் உங்கள் நோயாளிக்கு அரை நிமிடம். காலை இன்சுலின் போட்டாயிற்றா என்ற சந்தேகம் ஒரு நாள் எழுந்தபோது நோட்டைக் காட்டினேன். கேஸ் ஷீட்டில் இன்னும் ஏறாத ஊசி அது. நோட்டு இல்லாதிருந்தால் இரண்டாம் முறை போட்டிருப்பார்கள், சர்க்கரை சரிந்திருக்கும். ஷிப்ட் மாறும் அந்த நேரத்தில் போய் எதையும் கேட்காதீர்கள், அவசரம் தவிர. ஒப்படைப்பு முடிந்து புது சிஸ்டர் முதல் சுற்று வரும்போது, நோட்டோடு நின்று இரண்டே வரியில் சொல்லுங்கள்.

அந்த வார்டில் இருந்த நாட்களில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்ட கணக்கு ஒன்று உண்டு. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவுப்படி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், கல்லூரி இல்லாத மருத்துவமனையில் 5 பேருக்கு ஒருவர். இது மூன்று ஷிப்டுக்கும் சேர்த்த கணக்கு. ஒரு ஷிப்டுக்கு என்று பிரித்தால் முறையே 9, 15. விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதல் ஆள் வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. நாங்கள் கண்ட நாற்பதை இதனருகே வைத்துப் பாருங்கள். இது வெறும் சௌகரியப் பிரச்சினையும் அல்ல. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் அறுவைச் சிகிச்சை நோயாளிகளை வைத்து நடந்து 2014-இல் வெளியான ஆய்வு, ஒரு நர்ஸுக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்வதாகக் கண்டது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2004 முதல் இந்த விகிதம் சட்டப்படியே கட்டாயம். பொது வார்டில் ஒருவருக்கு 5 நோயாளிக்கு மேல் கொடுக்க முடியாது. இங்கே கவுன்சிலின் அளவு பெரும்பாலும் காகிதத்தோடு நிற்கிறது.

நர்சிங் படித்தவர்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. தெருவுக்கு ஒரு கல்லூரி இருக்கிறது. மதுரையில் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்க நேரமில்லாமல் நின்ற அந்தப் பெண்ணின் சம்பளம் மாதம் 9,000. பதிவு பெற்ற பெரிய சிஸ்டருக்கு 14,000. உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதையடுத்து மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான மிகச் சிறிய தனியார் மருத்துவமனைகூட 20,000-க்குக் குறையாமல் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசுப் பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2015-இல் எம்.ஆர்.பி. எனப்படும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதித் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள் 7,700 ரூபாயில் தொடங்கினார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டமாக உட்கார்ந்தார்கள். கொரோனா வார்டுகளுக்கு ஒப்பந்தத்தில் எடுத்தவர்களை 2022 டிசம்பர் 31-உடன் போகச் சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பத் தமிழக அரசே 1978-இல் தொடங்கிய நிறுவனம் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் நர்ஸ் வேண்டும் என்று விளம்பரம் செய்கிறது. அரசு வார்டில் எனக்குக் கற்றுக் கொடுத்த சிஸ்டரும் உணவு இடைவேளையில் ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் சிஸ்டரிடம் எரிந்து விழுந்து ஆகப்போவது எதுவும் இல்லை. ஒரு நர்ஸிடம் கத்தினால் அடுத்த முறை உங்கள் படுக்கைக்கு அவர் தயங்கித் தயங்கித்தான் வருவார்; மனித இயல்பு. குறை சொல்ல வேண்டியது மேலே. தனியாரில் நர்சிங் கண்காணிப்பாளர், அரசில் ஆர்.எம்.ஓ. எனப்படும் நிலைய மருத்துவ அலுவலர். பகலில் போய், உட்கார்ந்து, எண்களோடு பேசுங்கள். நோட்டு அங்கேயும் உதவும்.

அம்மா இப்போது வாக்கர் பிடித்துக் கழிவறை வரை நடக்கிறார். வலது கை இன்னும் மடங்கியே இருக்கிறது. பேச்சு பாதி திரும்பியிருக்கிறது, என்னைத் திட்டுவதற்குப் போதுமான அளவு. முதுகுப் புண் ஆற மாதக்கணக்கில் ஆனது. சம்பளமில்லா விடுப்பு, நகைக்கடன் வட்டி எல்லாம் சேர்த்தால் ஐந்து லட்சத்தைத் தொடுகிறது.

புண் ஆறியபின் மதுரை மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். விரிவான பில் கேட்டேன். எத்தனை படுக்கைக்கு இரவில் எத்தனை பேர், புரட்டியதற்கான பதிவு கேஸ் ஷீட்டில் எங்கே, தினம் 900 ரூபாய் நர்சிங் கட்டணம் எந்த வேலைக்கு என்று மூன்றே கேள்விகள். எந்த ஊழியர் பெயரையும் குறிப்பிடவில்லை; பணியாளர்கள் மீது எனக்குப் புகார் இல்லை, எண்ணிக்கை மீதுதான் புகார் என்று தனி வரியாகவே எழுதினேன். நீங்கள் எழுதினாலும் அந்த வரியைச் சேருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பியிராதீர்கள். சில வாரம் கழித்து மேலாளர் போன் செய்தார். மிகவும் பணிவாகப் பேசினார். நர்சிங் கட்டணத்தில் 8,000 ரூபாய் திருப்பித் தருவதாகச் சொன்னார். பிறகு, குரலைத் தாழ்த்தி, நடவடிக்கையும் எடுத்துவிட்டோம் சார், டியூட்டி பட்டியலைப் பார்த்து அந்த இரவு ஷிப்ட் பெண்ணை வேலையை விட்டு நிறுத்திவிட்டோம் என்றார். நான் அதைக் கேட்கவே இல்லையே என்றேன். மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதித் தருகிறேன் என்றேன். அது முடிந்த விஷயம் என்றார். அப்படியானால் அந்த மாடியில் இப்போது இரவுக்கு எத்தனை பேர் என்று கேட்டேன். இப்போதைக்கு ஒருவர்தான் சார், விளம்பரம் கொடுத்திருக்கிறோம் என்றார்.